காமிக்ஸ் ஓவியரின் வேலையும் வாசகர் அபிப்பிராயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, கேட்பவர்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். நான் வரைந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று கேட்கப்படும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்தக்கடையில் என் வீட்டு மாடிக்குப் படம் பழக வரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும், முன்பு அஞ்சலட்டையில் எழுதி இப்போது வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பும் வாசகர்களும் அதே சந்தேகங்களையே எழுப்புகிறார்கள். அவற்றைக் கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

காமிக்ஸ் ஓவியரும், பத்திரிகையில் கதைக்குப் படம் போடுகிறவரும் ஒன்றுதானே, சார்?

இருவரும் பிடிப்பது ஒரே தூரிகையாக இருக்கலாம், வேலை வேறு. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் 'சங்கர்' என்ற பெயரில் வரைந்த கே.சி. சிவசங்கரனின் விக்கிரமாதித்தன் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் பிணம், கையில் உருவிய வாள், சுற்றிலும் இருட்டு. அந்த ஒரு படம் கதையின் வாசலில் நின்று நம்மை உள்ளே அழைக்கிறது. மற்றதையெல்லாம் எழுத்து பார்த்துக்கொள்கிறது. படத்தை எடுத்துவிட்டாலும் கதை ஓடும்.

காமிக்ஸில் படத்தை எடுத்துவிட்டால் துண்டு துண்டான சில வசனங்கள்தான் மிஞ்சும். அதே காட்சியைக் காமிக்ஸாக வரையச் சொன்னால், மரத்தைப் பற்றி ஏறும் கால், அறுபடும் கயிறு, தரையில் விழும் பிணம், அது சிரித்ததும் திரும்பும் அரசனின் கழுத்து என்று நேரத்தை நறுக்கி நான்கைந்து கட்டங்களில் அடுக்க வேண்டியிருக்கும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே எதைக் காட்டாமல் விடுவது என்று யோசிப்பதிலேயே எங்கள் நேரத்தில் பாதி போய்விடும்.

கதையையும் நீங்களேதான் எழுதுவீர்களா?

சிலர் எழுதுவார்கள், நான் எழுதுவதில்லை. எழுத்தாளர் கொடுக்கும் ஸ்கிரிப்டில் பக்கத்துக்கு இத்தனை கட்டம், கட்டத்துக்கு இன்ன காட்சி, இன்ன வசனம் என்று இருக்கும். "பத்தாயிரம் பேர் கொண்ட படை வைகையைக் கடக்கிறது" என்று எழுத்தாளர் ஒரே வரியில் எழுதிவிடுவார். அந்த வரியை வரைய எனக்கு மூன்று நாளாகும்.

ஒரு பக்கம் வரைய எவ்வளவு நேரம் ஆகும்? எதில் வரைவீர்கள்?

என் வேகத்தைத்தான் சொல்ல முடியும். முதலில் உள்ளங்கை அளவில் ஒரு ரஃப் போடுவேன். எந்தக் கட்டம் பெரியது, கண் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மட்டும் அதில் தீர்மானிப்பேன். பிறகு பென்சிலுக்கு ஒரு நாள், மையிடுவதற்கு ஒரு நாள். கூட்டமோ கோபுரமோ உள்ள பக்கம் என்றால் ஒரு வாரமும் இழுக்கும். தடித்த வழவழப்பான தாள், 2பி பென்சில், நிப், இண்டியன் இங்க், ஒரு நல்ல தூரிகை ஆகியவையே என் கருவிகள். இன்றைய இளைஞர்களில் பலர் டேப்லெட்டிலேயே முழுவதும் வரைந்து முடிக்கிறார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

அச்சாகும் அளவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். படம் சுருங்கும்போது கையின் சிறு நடுக்கங்கள் மறைந்து கோடு இறுகித் தெரியும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு: தாளில் அழகாகத் தெரியும் மெல்லிய கோடுகள் அச்சில் அறுந்துபோகும், நெருக்கிப் போட்ட கோடுகள் மட்டமான தாளில் மை ஊறி ஒரே கறையாகிவிடும். ஆகவே கடைசியில் எந்தத் தாளில் அச்சாகப் போகிறது என்பதை வரையத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வசன பலூனை எங்கே வைப்பது என்பதையும் ஓவியரா முடிவு செய்கிறார்?

ரஃப் போடும்போதே முடிவு செய்தாக வேண்டும். கண் இடமிருந்து வலமாகவும், மேலிருந்து கீழாகவும் போகும். முதலில் பேசுகிறவரின் பலூன் இடப்பக்கமோ மேலேயோ இருக்க வேண்டும். தொடக்கக் காலத்தில் ஒரு கட்டத்தில் கேள்வி கேட்கும் ஆளை வலப்புறம் நிறுத்திவிட்டேன். வாசகர்கள் பதிலை முதலில் படித்து, பிறகு கேள்வியைப் படித்தார்கள். "கதை குழப்பமாக இருக்கிறது" என்று வந்த கடிதங்களில் திட்டு வாங்கியவர் எழுத்தாளர், தவறு என்னுடையது.

மொழிபெயர்ப்புக் காமிக்ஸில் இந்தச் சிக்கல் இன்னும் கடினம். இத்தாலியிலோ பெல்ஜியத்திலோ அந்த மொழியின் நீளத்துக்குப் போட்ட பலூனுக்குள் தமிழ் உட்கார வேண்டும். நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. "ஓடிப்போய்விட்டார்களாம்" என்பதை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் படிக்கவே நன்றாக இராது. எழுத்தைச் சிறிதாக்கினால் வயதானவர்கள் படிக்கத் திணறுகிறார்கள். ஆகவே வசனத்தைச் சுருக்கத் தெரிந்தவரே நல்ல காமிக்ஸ் மொழிபெயர்ப்பாளர்.

இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் நம்ம சிவகாசிக்காரர்தானே?

தமுக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தன் முதல் இதழாக வெளியிட்டது மாயாவியின் கதைதான் என்பதால், இங்கே பலர் அவரை விருதுநகர் மாவட்டத்துக்காரராகவே நினைக்கிறார்கள். உண்மையில் அவர் 1962இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவர். வரைந்தவர் ஹேசூஸ் ப்ளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். அக்காலப் பிரிட்டிஷ் வார இதழ்கள் பொதுவாக ஓவியர் பெயரை அச்சிடுவதில்லை. அதனால் ஒரு தலைமுறை வாசகர்கள் படத்தை மனப்பாடமாக அறிந்திருந்தும் வரைந்தவரை அறியவில்லை.

அந்தக் கதையில் ஓவியருக்கு இருக்கும் சவாலைக் கொஞ்சம் கவனியுங்கள். மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். முகமும் தோளும் இல்லாமல், அந்தரத்தில் நிற்கும் ஒரு கையை வைத்துக் கோபத்தையும் தயக்கத்தையும் அவசரத்தையும் காட்ட வேண்டும். விரல்கள் கதவுப் பிடிக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றால் அது தயக்கம். பிடியை நெரித்தால் கோபம். என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான்: முகமே இல்லாமல், ஒரு கையை மட்டும் வைத்து ஆறு கட்டத்தில் ஒரு திருட்டை வரைய வேண்டும்.

ஒரே ஹீரோவின் முகம் புத்தகத்துக்குப் புத்தகம் ஏன் மாறுகிறது? ஆள் மாறாட்டம் மாதிரி இருக்கிறதே?

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஓவியரே மாறுவது. 1948இல் ஔரேலியோ கலெப்பினி வரையத் தொடங்கிய டெக்ஸ் வில்லர் என்ற இத்தாலியக் கௌபாய் காமிக்ஸ் நாயகரைப் பிறகு எத்தனையோ கைகள் வரைந்துவிட்டன. அட்டைப்படத்தை மட்டும் 1994இல் தாம் இறக்கும் வரை கலெப்பினியே வரைந்தார். அதன்பின் க்ளாடியோ வில்லா ஏற்றுக்கொண்டார். அட்டையில் ஒரு டெக்ஸும் உள்ளே வேறொரு டெக்ஸும் இருப்பதைக் கண்டு நம் வாசகர்கள் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, ஓவியர் வளர்வது. தமிழில் கேப்டன் டைகர் என்று நாம் அறிந்த பிரெஞ்சு கௌபாய் காமிக்ஸ் நாயகரை ஷான் ஜிரோ 1963இல் வரையத் தொடங்கியபோது, பிரெஞ்சு நடிகர் ஷான் பால் பெல்மோந்தோவின் சாயல் அந்த முகத்தில் இருந்தது. ஆண்டுகள் போகப் போக நடிகர் கரைந்து டைகர் தனி ஆளானார். மூக்கும் தாடையும் முரடாகி, கோடும் மாறியது. பத்தாண்டுக் கதைகளை ஒரே மாதத்தில் படிக்கிறவருக்கு இது திடுக்கிடலாகத் தெரியும். உங்கள் திருமண ஆல்பத்தையும் இன்றைய ஆதார் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரியும்.

பழைய கறுப்பு வெள்ளைக் கதைகளை வண்ணத்தில் மறுபதிப்பு செய்வது நல்லதா, கெடுதலா?

எதற்காக வரையப்பட்டதோ அதைப் பொறுத்தது. டைகர் கதைகள் வண்ணத்துக்காகவே வரையப்பட்டவை. அவற்றைக் கறுப்பு வெள்ளையில் படித்த நாம்தான் பாதியை இழந்திருந்தோம். ப்ளாஸ்கோவின் மாயாவி அப்படியல்ல. அங்கே கறுப்பே நிழலாகவும் இருட்டாகவும் பயமாகவும் வேலை செய்கிறது. அதன்மேல் நீலமும் பழுப்பும் பூசினால் படம் சேறாகிவிடும். அத்தகைய பக்கத்துக்கு வண்ணம் கேட்கும் வாசகர்களோடு நான் உடன்படுவதில்லை.

மறுபதிப்பில் அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மூலப் படம் கிடைக்காமல், அச்சான பழைய புத்தகத்தையே ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும். சாம்பல் நிறத்துக்காக இட்ட புள்ளிகள் பாய் பின்னியது போல அலையலையாகத் தெரியும். "ஓவியம் முன்பு போல் இல்லை" என்று சொல்பவர்களில் பலர் பார்த்தது ஓவியத்தை அல்ல, மோசமான ஸ்கேனை.

வாசகர் குறை சொன்னால் கேட்பீர்களா, இல்லை தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்களா?

கேட்பேன். ஏன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு கதையில் ஜல்லிக்கட்டுக் காட்சியை ஒரு முழுப் பக்கத்துக்கு வரைந்தேன். வாடிவாசலைத் தாண்டி வரும் காளை, அதன் திமிலில் தொங்கும் இளைஞன், பின்னால் தடுப்புக் கட்டைகள், மேலே கூட்டம். எனக்கு அந்தப் பக்கம் பெருமையாக இருந்தது. பாலமேட்டுப் பக்கம் மாடு வளர்க்கும் ஒரு பெரியவர், பேரனோடு என் மேசைக்கு வந்தவர், பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கறவை மாடு. கொம்பு ரொம்பச் சின்னதா இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புலிக்குளம் காளையின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு கொம்பை அளந்து வரைந்திருந்தேன், கொம்பில் பிழையில்லை. ஆனால் அவர் போன பிறகு பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். நான்கு காலும் சம இடைவெளியில் தரையில் ஊன்றியிருந்தன. முதுகு மேசை போல நேராக இருந்தது. எடை முழுவதும் நடுவில் நின்றது. பாயும் காளைக்கு எடை முன்னங்காலில் இறங்கி, பின்னங்கால்கள் தரையை விட்டு எழ, முதுகு வில்லாக வளையும். என் காளை தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தது. தொழுவத்தில் நிற்கும் மாட்டைப் பார்த்தவுடன் அவர் கண்ணுக்குக் கறவை மாடு தெரிந்தது. காரணம் தேடியபோது கொம்பு அகப்பட்டது. அவர் இடறிய இடம் சரி, சொன்ன காரணம்தான் வேறு. அன்றிலிருந்து வாசகர் சொல்லும் காரணத்தை உடனே மறுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அப்படியென்றால் வாசகர் சொல்வதெல்லாம் வேதமா?

இல்லை. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதும் "எனக்குப் புரியவில்லை" என்பதும் வெவ்வேறு. புரியவில்லை என்று மூன்று பேர் ஒரே பக்கத்தைச் சொன்னால் நான் விவாதிக்காமல் திருத்துவேன். மேலே சொன்ன பலூன் பிழையும் அப்படித்தான் பிடிபட்டது. பிடிக்கவில்லை என்பது ருசி. நாயகி அழகாக இல்லை என்று ஒருவர் எழுதினார். கல் உடைக்கும் பெண்ணுக்குக் கன்னம் ஒட்டித்தான் இருக்கும் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நடுவில் ஒரு வகை உண்டு: "ஹீரோ வர வர டல்லாகிவிட்டார்" என்பது போன்றவை. பார்த்தால் ருசி போலத் தோன்றும். ஆனால் பலமுறை அதன் அடியில் ஒரு தொழில் குறை இருக்கும். ஒரே உயரத்திலிருந்து, ஒரே தூரத்திலிருந்து பத்துக் கட்டங்களைத் தொடர்ந்து வரைந்திருப்பேன். வாசகருக்கு நாயகன் சோர்ந்துபோனதாகத் தெரியும். சோர்ந்தது என் கட்டம்.

மதுரைக்காரர்களுக்கு மதுரையை வரைந்து காட்டுவது கஷ்டம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று அடுக்கடுக்காக ஓடும் வீதிகளில் பிறந்து வளர்ந்தவருக்குத் திசை உடம்பிலேயே இருக்கிறது. எந்த வீதியிலிருந்து பார்த்தால் எந்தக் கோபுரம் எவ்வளவு தெரியும் என்பது அவருக்குக் கணக்குப் போடாமலே தெரியும். கற்பனை ஊருக்குக் கோபுரத்தை நினைத்த இடத்தில் நடலாம், இங்கே முடியாது.

மேலமாசி வீதியில் நடக்கும் ஒரு காலைக் காட்சியில், வீதியின் மேற்குப் பக்கத்தில் கிழக்குப் பார்த்த ஒரு டீக்கடையை வரைந்திருந்தேன். அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒருவர், "கடை பூட்டிக் கிடக்கிறது போல இருக்கிறதே" என்று எழுதினார். கடைக்குள் டீ ஆற்றுகிறவர், பெஞ்சில் இரண்டு பேர், செய்தித்தாள் எல்லாமே இருந்தன. பிறகு விளங்கியது: நான் பார்த்து வரைந்த புகைப்படம் மாலையில் எடுத்தது. காலை வெயில் விழ வேண்டிய கடை முகப்பை முழுக்க நிழலில் மூழ்கடித்திருந்தேன். காளை விஷயத்தில் நடந்த அதே கதை.

விமர்சனம் எழுதும்போது "சித்திரங்கள் அருமை" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. என்ன எழுதலாம்?

ஒரு எளிய வழி சொல்கிறேன். முதல்முறை வழக்கம்போல் படியுங்கள். இரண்டாம் முறை பலூன்களைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். யார் யாரிடம் கோபமாக இருக்கிறார், எந்த இடத்தில் நடக்கிறது, பகலா இரவா என்பது வசனமில்லாமல் தெரிகிறதா? தெரிகிற பக்கத்தையும் தெரியாத பக்கத்தையும் எண்ணோடு குறித்து எழுதுங்கள். "23ஆம் பக்கத்தில் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்று தெரியவில்லை" என்ற ஒரு வரி, பத்து "அருமை"களைவிட ஓவியருக்குப் பயன்படும். ஓவியர் பெயரையும் எழுதுங்கள். மேலே சொன்ன ப்ளாஸ்கோவுக்கு நேர்ந்தது இன்றைக்கும் எங்களில் பலருக்கு நேர்கிறது.

என் மகன் நாள் முழுவதும் வரைகிறான். எங்கே படிக்க வைப்பது? சோறு போடுமா, அண்ணே?

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன; அங்கே உடற்கூறும் வண்ணமும் முறையாகக் கற்கலாம். காமிக்ஸ் மட்டும் வரைந்து குடும்பம் நடத்துகிறவர்கள் தமிழில் மிகக் குறைவு. பெரும்பாலானோர் விளம்பரம், பாடநூல், அனிமேஷன் ஆகியவற்றோடு சேர்த்தே காமிக்ஸ் வரைகிறார்கள், நானும் அப்படித்தான். தம்பியை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் ஒரு நோட்டோடு உட்கார வையுங்கள். தூங்குகிறவர், மூட்டை தூக்குகிறவர், சண்டை போடுகிறவர் என்று நூறு உடல்களை வரைந்த பிறகும் ஆசை குறையாவிட்டால் அடுத்ததை யோசிக்கலாம்.

மாயாவியையோ டைகரையோ நானே வரைந்து புத்தகத் திருவிழாவில் விற்கலாமா?

வரைந்து பழகுவதும் நண்பருக்குக் கொடுப்பதும் ஒன்று, விற்பது வேறு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் இடம் தருகிறது. பிறருடைய பாத்திரத்தை அனுமதியின்றிப் போஸ்டராகவும் டி-ஷர்ட்டாகவும் விற்பது அந்த இடத்துக்குள் அடங்காது. படைத்தவர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். "அவர்தான் செத்துப்போய்விட்டாரே" என்பது பதிலாகாது.

என் கதைக்கு ஓவியர் படம் வரைந்தார், நான் பணமும் கொடுத்துவிட்டேன். இனி படம் எனக்குத்தானே சொந்தம்?

இந்த இடத்தில்தான் இரு தரப்பும் சறுக்குகிறார்கள். மாதச் சம்பளத்தில் வேலை பார்க்கும் ஓவியர் அந்த வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை நிறுவனமே முதல் உரிமையாளர். வெளியிலிருந்து வரைந்து தருகிறவர் விஷயத்தில் பொது விதி படைத்தவர் பக்கம் நிற்கிறது. ஆனால் பணம் கொடுத்து வரையச் சொன்ன பெயின்டிங்கும் உருவப்படமும் வரையச் சொன்னவருக்கே சேரும் என்ற விலக்கும் சட்டத்தில் உண்டு. காமிக்ஸ் பக்கம் அதில் அடங்குமா என்று இருவரும் வாதாடலாம். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும்.

நான் எழுதிக்கொள்ளாமல் பட்டவன். ஒரு பதிப்பகத்துக்கு வரைந்து கொடுத்த 40 பக்கங்கள், சில ஆண்டுகள் கழித்து வேறொரு கதைத் தொகுப்பில் என் பெயரில்லாமல் வந்திருந்தன. கேட்டபோது, "அதற்குத்தான் அப்போதே கூலி கொடுத்தாயிற்றே" என்றார்கள். உரிமையை விற்றுவிட்டாலும், படைத்தவர் தாம்தான் என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி ஓவியரை விட்டுப் போவதில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது.

இப்போது ஏஐ வரைந்து தருகிறதே, இனி உங்களுக்கு வேலை ஏது?

ஒற்றைப் படத்துக்கு, அதாவது அட்டைக்கும் விளம்பரத்துக்கும், அது வந்துவிட்டது. அந்த வேலைகள் எனக்குக் குறைந்திருப்பதை நானே உணர்கிறேன். முதல் கேள்வியில் சொன்ன நேரத்தை நறுக்கும் வேலையில், அதாவது எந்தக் கணத்தைக் காட்டி எதை மறைப்பது என்பதில், இன்னும் ஒரு மனிதர் உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அது எத்தனை நாளைக்கு என்று சோதிடம் சொல்ல நான் விரும்பவில்லை.

வாசகர் சொன்னதைத் திருத்திக் காட்டினால் அவர் ஒப்புக்கொள்வாரா?

ஜல்லிக்கட்டுப் பக்கத்தை மறுபதிப்புக்காக முழுவதும் புதிதாக வரைந்தேன். கொம்பைத் தொடவில்லை, பின்னங்கால்களைத் தரையிலிருந்து எழுப்பி, முதுகை வளைத்து, தலையை இடப்பக்கம் தாழ்த்தினேன். அடுத்த ஆண்டு பேரனோடு வந்த அந்தப் பெரியவரிடம் புத்தகத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இப்பக் கொம்பு சரியா இருக்கு" என்றார். பிறகு காளையின் முகத்தில் விரலை வைத்து, "வாடியில அறுத்துத்தானப்பா விடுவாங்க, மூக்கணாங்கயிறு ஏன் இன்னும் தொங்குது?" என்று கேட்டார். பழைய பக்கத்திலும் அந்தக் கயிறு அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது.